பழி போட்ட இடத்தைப் பாருங்கள்

பிள்ளைகளே,

வெல்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்களில் ஒருத்தி என் மகள். அதனால் ஓய்வு பெற்ற ஃபோர்மேனாக மட்டுமல்ல, அப்பனாகவும் எழுதுகிறேன். பத்தாவதுக்கு மேல் நான் படித்ததில்லை. கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டு வந்தவர்கள் எழுத உட்கார்ந்தால் பழைய நாளெல்லாம் தித்திப்பாகிவிடும், பழைய அதிகாரிகளெல்லாம் தங்கமாகிவிடுவார்கள். எனக்கு அப்படி வரவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று விட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன்.

டார்ச்சை எந்தச் சாய்வில் பிடிப்பது, கரண்ட் எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்லித் தருவார். அதில் நான் தலையிட மாட்டேன். உங்கள் வேலையைப் பற்றி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று எந்த இன்ஸ்ட்ரக்டரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

துவாக்குடிப் பக்கம் இருக்கும் நம் ஷெட்டில் பாய்லர் குழாய் வேலைதான் முக்கால்வாசி. ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு, தூசி புகாமல் ஓர் அறை இருக்கிறதல்லவா, அங்கேதான் விண்கலத்துக்கான எரிபொருள் குழாய்கள் வரும். வெற்றிலைக் காம்பு மாதிரி மெல்லிய குழாய்கள். அவற்றை எரிபொருள் டேங்கோடு சேர்த்து ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டும். என் காலத்தில் அந்த அறையில் உட்கார்ந்து அந்த ஜாயிண்டுகளைச் செய்தவர் பரக்கத் நிஷா. பாலக்கரைப் பெண். அவருடைய அத்தா வளைகுடாவில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். மகனுக்கு அந்த வேலையில் நாட்டமில்லை, மகளுக்கு இருந்தது.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் சீக்கிரம் கவனிப்பீர்கள். எந்த வெல்டரும் தன் ஜாயிண்டுக்குத் தானே உத்தரவாதம் கொடுக்க மாட்டார். முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கியதும், பக்கத்தில் இருப்பவர் "என்னப்பா, நிக்குமா?" என்று கேட்பார். "முருகன் விட்ட வழி" என்பேன் நான். அந்தோணி என்று ஒருவர் இருந்தார், "கர்த்தர் பாத்துக்குவாரு" என்பார். நிஷா, "நிக்கும்ணே, இன்ஷா அல்லாஹ்" என்பார். என் வேலை ஒருநாளும் உடையாது என்று மார்தட்டுகிறவனை நாங்கள் வெல்டர் என்றே ஒப்புக்கொண்டதில்லை. நெருப்போடு வேலை செய்கிறவன் அப்படிப் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போட்டார்கள்.

நம் நாட்டு விண்கலம் ஒன்று ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் போயிற்று. ஆள் போகாத கலம். அதில் ஒரு டேங்கும் குழாயும் நம் ஷெட்டில் சேர்த்தவை. கலத்துக்குப் பக்கத்துச் சுற்றுப்பாதையில் எதிர் நாட்டுக் கலம் ஒன்றும் போய்க்கொண்டிருந்தது. எந்த நாடு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அந்தப் பெயரைப் பார்த்துக் கோபப்படுவீர்கள். நான் சொல்ல வந்த கோபம் வேறு.

நம் டிவிக்காரர்கள் எல்லாம் அவர்கள் செய்த சதி என்று கத்தினார்கள். அவர்களுடைய டிவியிலோ, நம் கலம் தறிகெட்டு வந்து அவர்கள் கலத்தை மோதப் பார்த்தது என்று கத்தினார்களாம். பேச்சு முற்றி எல்லையில் ஏதாவது ஆகிவிடுமோ என்று எல்லாரும் பயந்த நேரத்தில், பெரிய இடத்தில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு நாடும் சேர்ந்து ஓர் ஆய்வுக்கலம் அனுப்புவது. தொலைந்துபோன கலத்தின் பக்கத்தில் போய் அது எப்படிக் கிடக்கிறது என்று படம் எடுப்பது. கலம் நம்முடையது, கேமரா அவர்களுடையது. கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடித்துக்கொள்வதற்குப் பதில் சேர்ந்து போய்ப் பார்க்கிறார்களே என்று நினைத்தேன்.

படம் எடுக்கப் போவதற்கு முன்னால், கலத்துக்குப் பாகங்கள் செய்த இடங்களையெல்லாம் பார்க்க இரு நாட்டுக் குழு ஒன்று ஊர் ஊராகப் போயிற்று. திருச்சிக்கும் வந்தார்கள். நம் மீட்டிங் ஹாலில்தான் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேஜை மேல் இரண்டு கொடி. நம் கொடியின் கம்பு மற்றதைவிட விரல் அகலம் உயரமாக இருந்துவிட்டது. அவர்கள் உட்கார மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஷெட்டிலிருந்து நான்தான் ஹாக்ஸா பிளேடு கொண்டுபோய்க் கம்பை அறுத்தேன். கொஞ்சம் அதிகமாக அறுத்துவிட்டேன் என்று நம் ஆட்கள் முறைத்தார்கள். அப்புறம் அடுத்த கம்பையும் அறுத்தேன். சாப்பாட்டுக்குத் தனித்தனி மேஜை, நடுவில் பூந்தொட்டி வரிசை. அவர்கள் ஆள் ஒருவர் ரசத்தைக் குடித்துவிட்டு இரண்டாம் தரம் கேட்டதற்கு அவர்கள் தலைவர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கே பாவமாகிவிட்டது.

நிஷாவைக் கூப்பிட்டார்கள். நம் மேனேஜர்தான் மொழிபெயர்த்தார். சேலைக்கு மேல் நீலக் கோட்டோடு வந்து நின்றார் நிஷா. உட்காரச் சொல்லவில்லை.

"இந்த ஜாயிண்ட் உடைஞ்சிருக்க வாய்ப்பு இருக்காம்மான்னு கேக்கறாங்க."

"எந்த ஜாயிண்டும் உடையலாம் சார். நிக்கும்னுதான் செஞ்சேன். இன்ஷா அல்லாஹ்."

மேனேஜர் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அதுவரை ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இரண்டு தரப்பும், மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரே நேரத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். பேனா ஓடும் சத்தம் கேட்டது. என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

டிவியில் வந்த பிறகுதான் புரிந்தது. "திருச்சி ஒப்பந்த ஆலையில் பற்றவைப்புக் குறை. செய்தவருக்கே அதன் உறுதியில் நம்பிக்கை இல்லை என்று கூட்டுக் குழு கண்டறிந்தது." கண்டறிந்ததாம்.

நினைத்துப் பாருங்கள். குழாய் ஜாயிண்ட் உடைந்தது என்றால் எதிர் நாடு சதி செய்யவில்லை. நம் பெரிய இடத்துக்காரர்கள் போட்ட வரைபடத்திலும் தப்பில்லை. யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இரண்டு பேருக்கும் தோதாக ஒரு கழுத்து வேண்டியிருந்தது, பாலக்கரையில் கிடைத்துவிட்டது. கொடிக்கம்பின் உயரத்துக்கு அடித்துக்கொண்ட இரண்டு நாடுகள் முதன்முதலாக ஒத்துப்போனது ஒரு வெல்டரின் தலையில் பழி போடுவதில்.

நிஷாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் நின்றதைவிடப் பெரிய அடி, அவருடைய வெல்டர் சர்டிபிகேட்டை நிறுத்தி வைத்தது. அது இல்லாமல் இந்த ஊரில் என்ன, எந்த ஊரிலும் ஒரு ஷெட்டுக்குள் நுழைந்து டார்ச்சைத் தொட முடியாது. குழுவின் கடைசி அறிக்கை வந்ததும் அதை நிரந்தரமாக ரத்து செய்வார்கள் என்றார்கள். இருபது வயதிலிருந்து நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதித்த பெயர். இனி அவர் வெல்டர் இல்லை, அவ்வளவுதான்.

கேண்டீனில் லேத் பிரிவு ஆள் ஒருவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "எதிரி நாட்டுக்காரன் வெளியிலேர்ந்தா வரணும்? அவனுக்கு ஆளு இங்கயே இருக்கே."

நான் தட்டை வைத்துவிட்டு அவனிடம் போனேன். "தம்பி, நீ செஞ்ச ஃபிளாஞ்சு மொத்தமும் போன மாசம் ரிஜெக்ட் ஆச்சே. நீ எந்த நாட்டுக்கு ஆளு?"

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அடுத்து என் முறை வந்தது. மேனேஜர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கடைசி அறிக்கை. ஜாயிண்டைச் செய்த ஆலையின் சார்பில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று ஃபோர்மேனான என்னுடையது, இன்னொன்று தரப் பரிசோதனை பார்க்கும் சம்பத் சாருடையது. இங்கிலீஷ் பேசினால் எனக்கு ஓரளவு பிடிபடும், தாளில் பார்த்தால் தடுமாறும். தமிழில் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

"அந்த ஜாயிண்ட் உடைஞ்சத யார் சார் பாத்தது?"

"யாரும் பாக்கல. அதுக்குத்தானே ஆய்வுக்கலம் போகுது."

"அப்ப போய்ப் பாத்துட்டு வரட்டும். உடைஞ்சிருந்தா அன்னிக்கே போடறேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். கெட்டவர்களைவிடப் பயந்தவர்களால்தான் அதிகக் கெடுதல் நடக்கிறது என்று நான் சொன்னால் என் மகள் ஒத்துக்கொள்ள மாட்டாள், வேலையில் கொஞ்ச காலம் போகட்டும்.

"அதில்லைங்க," என்றார். "கேமரா அந்தப் பக்கம் போகாது. மேல்பக்கத்த மட்டும் சுத்திப் படம் எடுக்கறதா பிளான். ஜாயிண்ட் இருக்கறது அடிப்பக்கம். இன்னொரு சுத்து போனா எரிபொருள் வீண்னு ரெண்டு தரப்பும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னார்.

ஜாயிண்ட் உடைந்தது என்று எழுதியாகிவிட்டது. அது உடைந்ததா என்று பார்க்கக் கலமும் போகிறது. ஆனால் அந்த ஜாயிண்டை மட்டும் பார்க்காது. பார்த்தால் நன்றாக இருந்து தொலைத்துவிடுமோ என்று இரண்டு நாட்டுக்கும் பயம்.

"உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல இருக்கு. எதுக்குங்க வம்பு?" என்றார் மேனேஜர்.

"வம்பு நான் இழுக்கல சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

நேராகப் பாலக்கரை போனேன். நிஷா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே அத்தா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததும் அதை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். நிஷா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"ஏண்ணே, நீங்க முருகன் விட்ட வழின்னா அது பணிவு. நான் இன்ஷா அல்லாஹ்ன்னா அது வாக்குமூலமா?"



"நீ ஒரு வார்த்தை, என் ஜாயிண்ட் உடையவே இல்லைன்னு அடிச்சு சொல்லும்மா," என்றேன். "நான் போய் சண்டை போடறேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நான் பாத்தனா? பாக்காம எப்படிச் சொல்றது? அவங்கதான் பாக்காம எழுதறாங்கன்னா நானும் பாக்காம சத்தியம் பண்ணணுமா?" அவரைக்காயை ஓரமாகத் தள்ளினார். "உடைஞ்சிருந்தா என் தப்புன்னு ஒத்துக்கறேண்ணே. ஆனா பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க. பழி போட்ட இடத்தப் பாருங்கன்னு மட்டும் கேளுங்க. வேற எதும் கேக்க வேணாம்."

உள்ளேயிருந்து அத்தா, "அவ சொல்றதுதான் சரி தம்பி. நீங்க அவசரப்படறீங்க," என்றார்.

உண்மைதான். என் கோபத்துக்குக் கை கால் இருந்தது, கண் இல்லை. இதை நன்றாகக் கவனியுங்கள், பிள்ளைகளே. உங்களைக் குற்றம் சொல்லும்போது, நான் தப்பே செய்யவில்லை என்று கத்தத் தோன்றும். கத்தினால் உங்கள் வாய்க்கும் அவர்கள் வாய்க்கும் சண்டை. அவர்கள் வாய் பெரிது, அவர்கள்தான் ஜெயிப்பார்கள். காட்டு என்று கேளுங்கள். காட்டு என்று கேட்க நாற்காலி தேவையில்லை, படிப்பு தேவையில்லை.

ஆனால் நான் ஒருவன் கேட்டால் பற்றாது. சம்பத் சாரும் கேட்க வேண்டும். அன்றைக்கே பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். உத்தர வீதியில் அவர் வீடு. நெற்றியில் திருமண்ணோடு ஈஸிசேரில் இருந்தார். என்னைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

"வாங்கோ. ஆத்துல எல்லாரும் பெருமாளைச் சேவிக்கப் போயிருக்கா. மோர் தரட்டுமா?"

"மோர் வேணாம் சார். அந்த ஜாயிண்டோட எக்ஸ்ரே பிலிம் நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். சுத்தமா இருந்தது. அதை நான் எங்கயும் மறுக்கலையே."

"மறுக்கல. சொல்லவும் இல்ல."

அவர் விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். "தரையில இருந்தப்போ சுத்தமா இருந்தது. மேல போனப்புறம் என்ன ஆச்சோ, எனக்கெப்படித் தெரியும்? நான் நன்னா இருக்குன்னு நின்னு, நாளைக்கு உடைஞ்சிருந்துதுன்னா? என் பேரும் போகும், கம்பெனி பேரும் போகும். எல்லாம் ரங்கநாதன் பாத்துப்பான்."

"ரங்கநாதருக்கு ஆயிரம் வேலை சார். பிலிம் பாக்கக் கம்பெனி சம்பளம் குடுக்கறது உங்களுக்கு."

விசிறி நின்றது. அவரிடம் நான் அப்படிப் பேசியதே கிடையாது.

"ரொம்பக் கோபமா பேசறேள்."

"கோபமாத்தான் சார் இருக்கேன்."

"சரி, உடைஞ்சே இருந்துதுன்னா நீங்க என்ன பண்ணுவேள்?"

"கையெழுத்துப் போடுவேன். அந்தப் பொண்ணும் ஒத்துக்குவா, அவ வாயாலயே சொல்லிட்டா. நல்லா இருக்குன்னு உங்களச் சொல்லச் சொல்லல. பாத்துட்டு எழுதுங்கன்னு மட்டும் சொல்லுங்க."

விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். வீதியில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இவ்வளவுதானா?" என்றார். "நான் ஏதோ பிரமாணம் பண்ணச் சொல்லப்போறேள்னு பயந்துண்டு இருந்தேன். பாருங்கோன்னு சொல்றதுக்கு என்ன பயம்."

அவருக்கு நிறையவே பயம் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை ஸ்ரீரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

கையெழுத்து வாங்கக் குழு மறுபடி திருச்சி வந்தது. இந்த முறை கொடிக்கம்பு சரியாக இருந்தது. அறிக்கையை எங்கள் முன்னால் வைத்தார்கள். சம்பத் சார் எழுந்து நின்று இங்கிலீஷில் பேசினார். அடிப்பக்கத்து ஜாயிண்டைப் படம் எடுக்காமல் எழுதப்பட்ட எந்த அறிக்கையிலும் தான் கையெழுத்திட முடியாது என்றார். என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

நம் தரப்புத் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "குழாய் ஒட்டறவங்க விண்கலம் எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுவீங்களா?" என்று தமிழிலேயே கேட்டார். நம் ஊர்ப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது.

"பழி எங்க ஷெட்டு மேல சார்," என்றேன். "அப்ப நாங்கதானே கேக்கணும். உங்க மேல இருந்தா நீங்க கேட்டிருப்பீங்க."

எதிர்த் தரப்புத் தலைவர், இது நீங்கள் சொல்லிக்கொடுத்துச் செய்யும் தந்திரம் என்று நம் தலைவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். நம் தலைவர், உங்கள் ஆட்கள்தான் இவர்களைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றார். இரண்டு நாட்டுக்காரரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எங்களை மறந்தே போனார்கள்.

அப்போது அந்த நாட்டு ஆள் ஒருவர் கையைத் தூக்கினார். அன்றைக்கு ரசம் இரண்டாம் தரம் கேட்டவர். கேமரா அவர் பொறுப்பாம். பெயர் எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை. நம் மேனேஜர் காதோடு காதாக எனக்குச் சொன்னது இதுதான்: இன்னொரு சுற்று போக எரிபொருள் போதும். கேமராவைத் திருப்புவது சின்ன வேலை. யாராவது கேட்டால் திருப்புவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

அவருடைய தலைவர் அவரைப் பார்த்த பார்வை, முதல் தரம் பார்த்ததைவிட மோசம். அவர் கையை இறக்கவில்லை. திரும்பிப் போன பிறகு அந்த மனுஷருக்கு என்ன ஆயிற்றோ. தொழிலில் நான் மதிக்கிறவர்களை எண்ணிச் சொல்லச் சொன்னால் எதிரி நாட்டுக்காரரான அவரையும் சேர்த்துத்தான் சொல்வேன். டிவியைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டையே திட்டுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தக் கையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது. திருப்ப முடியும் என்று அவர்கள் ஆளே சொல்லிவிட்டார், எரிபொருள் சாக்கும் போயிற்று. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

ஆய்வுக்கலம் போயிற்று. ஊரே அண்ணாந்து பார்த்தது, டிவியில் பாட்டெல்லாம் போட்டார்கள். நிஷா அந்த நாட்களில் பக்கத்து வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

படம் வந்ததை எங்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சம்பத் சார் தானாகக் கேட்டுக் கேட்டு, தொந்தரவு பண்ணி வாங்கினார். ஷெட்டுக்குள் வேகமாக வந்தார், வேஷ்டி காலில் தட்டியது. செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடிப்பக்கம். குழாய். ஜாயிண்ட். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், நம் அறையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அதற்கு எட்டத்தில், பேட்டரி வைத்த பக்கம் தகடு உள்ளேயிருந்து வெளியே கிழிந்து தொங்கியது. அந்தப் பக்கத்துக்கும் திருச்சிக்கும் சம்பந்தமே இல்லை.

"நன்னா இருக்கு," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். "நன்னா இருக்குய்யா."

இனி கூட்டறிக்கை மாறும் என்று நான் நம்பினேன். மாறத்தான் செய்தது. "காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இரு நாடுகளின் ஒத்துழைப்பு முழு வெற்றி." அவ்வளவுதான். பேட்டரி என்ற வார்த்தை இல்லை. ஜாயிண்ட் என்ற வார்த்தை இல்லை. திருச்சி என்று ஊரைக் கூவியவர்கள் அந்த ஊர்ப் பெயரையே மறந்துவிட்டார்கள். டிவியில் ஒரு வரி இல்லை. இரண்டு நாட்டுத் தலைவர்களும் கை குலுக்கும் படம் மட்டும் நாள் முழுக்க ஓடியது. இப்போது எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கம்பெனி நிஷா வீட்டுக்கு பியூனிடம் ஒரு கவர் அனுப்பியது. ஜாயிண்டில் குறையில்லை, சர்டிபிகேட் மறுபடி செல்லுபடியாகும், திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று இரண்டு வரி.

திங்கட்கிழமை நிஷா வந்தார். வருகைக் கார்டு தேய்க்கவில்லை. கவரோடு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சந்தோஷம்மா. போய் வேலையப் பாரு," என்றார் மேனேஜர்.

"பாக்கறேன் சார். ஆனா ஊர் பூரா டிவியில கேட்டுச்சு, நான் கெடுத்தேன்னு. நான் கெடுக்கலைங்கறது இந்தக் கவருக்குள்ள மட்டும் இருக்கு."

"டிவிக்காரன நான் என்னம்மா பண்ண முடியும்?"

"டிவி உங்க கையில இல்ல சார். ஷெட்டு உங்க கையில இருக்கு. ஷிப்ட்டு ஆரம்பிக்கறப்ப எல்லாரும் நிப்பாங்கல்ல, அங்க இத வாசிங்க. அப்புறம் உள்ள போறேன்."

"மேல கேக்கணும்மா."

"கேளுங்க. நான் நிக்கறேன்."

நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மேனேஜர் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் எழுந்து வந்தார்.

ஷிப்ட்டு ஆட்கள் வழக்கம்போல ஹெல்மெட்டோடு வரிசையாக நின்றார்கள். லேத் பிரிவு ஆளும் நின்றான். மேனேஜர் தாளைப் பிரித்து, குனிந்த தலை நிமிராமல் வாசித்தார். ஓரத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசைக்கே உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. முடித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"கேக்கல சார்," என்றார் நிஷா, பின்னாலிருந்து.

மேனேஜர் தாளைப் பிரித்து மறுபடி வாசித்தார். கொஞ்சம் சத்தம் கூடியது. கம்ப்ரஸர் அதையும் விழுங்கிவிட்டது.

"இங்கயும் கேக்கல சார்," என்றார் அந்தோணி.

யாரும் சிரிக்கவில்லை. நிஷா வரிசையை விட்டு வெளியே வந்தார். நிதானமாக நடந்துபோய் கம்ப்ரஸர் சுவிட்சை அணைத்தார். அது இழுத்து இழுத்து அடங்கும்வரை அதன் பக்கத்திலேயே நின்றார். அந்த ஷெட்டு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"இப்ப வாசிங்க சார்," என்றார்.

மேனேஜர் தலையை நிமிர்த்தி வாசித்தார்.